பனியிலும் உறையாத பாதம்... அப்புறம் நாய்களுக்கு ஷூ எதுக்கு? முழு விளக்கம்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதம் இடிட்டரோட் என்ற நாய் வண்டிப் பந்தயம் நடக்கிறது. சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம். முழுக்க பனி. இதில் கலந்துகொள்பவர்கள் வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயப் பட்டியல் உண்டு. குளிர் தாங்கும் தூங்கும் பை, கோடரி, பனியில் நடப்பதற்கான காலணி, அடுப்பு, எரிபொருள்... இவற்றோடு இன்னொரு பொருளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் 8 ஷூ!

நாய்க்கு நாலு கால்தானே, எதுக்கு எட்டு? காலில் மாட்ட நான்கு, மாற்றுக்கு நான்கு. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் ஓடுபவை பனியிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள். பனியிலேயே படுத்துத் தூங்குபவை. அவற்றுக்கு எதற்கு ஷூ? 'குளிருக்குத்தான்' என்று சொல்லத் தோன்றும். உண்மையான பதில் அது இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் ஷூ மாட்டிவிட்டால், பாதுகாப்புக்குப் போட்டதே நாயின் காலுக்கு வினையாகிவிடும்.

நாயின் பாதம் ஏன் உறைவதில்லை?

வெறுங்காலோடு பனியில் நின்றால் மனிதர்களுக்குச் சில நிமிடங்களிலேயே கால் மரத்துவிடும். நாய்களுக்கு அப்படி ஆவதில்லை. காரணம், பாதத்துக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் அமைப்பு.

ஜப்பானின் யமசாகி ககுவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயோஷி நினோமியா குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. நாயின் பாதத்தில் இதயத்திலிருந்து சூடான ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களும், குளிர்ந்த ரத்தத்தைத் திரும்ப எடுத்துச்செல்லும் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியபடி பின்னிக் கிடக்கின்றன. கீழே வரும் சூடான ரத்தம், மேலே போகும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. இதனால் உடம்பின் சூடு பாதம் வழியாக வீணாக வெளியேறாது. குளிர்ந்த ரத்தம் அப்படியே உடம்புக்குள் போய் உடலைக் குளிர வைப்பதும் இல்லை. பென்குயின்களின் கால்களிலும் இதே ஏற்பாடுதான்.

இதற்கு முன்பே, 1972-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆர்க்டிக் பகுதியின் ஓநாயையும் நரியையும் சோதித்தது. மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் குளிர் திரவத்தில் பாதத்தை வைத்தபோதும், அந்த விலங்குகளின் உடல் பாதத்தின் வெப்பத்தைச் சுமார் மைனஸ் 1 டிகிரியில் பிடித்து வைத்துக்கொண்டது. திசு உறையும் அளவுக்கு மயிரிழை மேலே! தேவையான அளவு சூடான ரத்தத்தை மட்டும் பாதத்துக்கு அனுப்பி, உடல் இந்தச் சமநிலையைக் காப்பாற்றுகிறது.

இதற்காக எந்த நாயையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பனியில் விடலாம் என்று அர்த்தம் இல்லை. குட்டி நாய்கள், வயதான நாய்கள், மெல்லிய ரோமம் கொண்ட சிறிய இனங்கள் ஆகியவற்றுக்குக் குளிர் உண்மையிலேயே ஆபத்து. ஆனால் ஹஸ்கி, மாலமூட் போன்ற பனிப்பிரதேச நாய்களுக்கு, அளவான பனியில் பாதம் உறைவது முதல் கவலை அல்ல.

அப்போ பிரச்சினை எங்கே?

மூன்று விஷயங்களில்.

முதலாவது, பனி உருண்டை. நாயின் விரல்களுக்கு நடுவே மெல்லிய தோலும் முடியும் இருக்கும். வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும்போது பெய்யும் ஈரப் பனி, அந்த முடியில் ஒட்டிக்கொள்ளும். பாதத்தின் சூட்டில் கொஞ்சம் உருகும். வெளிக் குளிரில் மறுபடியும் இறுகும். சிறிது தூரத்துக்குள் விரல்களுக்கு இடையில் கோலிக்குண்டு போல பனிக்கட்டி உருவாகிவிடும். செருப்புக்குள் கல் சிக்கியபடி நடப்பது போலத்தான். விரல்கள் விரிந்து, நடுவில் இருக்கும் தோல் கிழிந்துவிடும். அதாவது கடும் குளிரைவிட, 'இதமான' பனிநாள்தான் சில சமயம் பாதத்துக்கு மோசம்.

இரண்டாவது, கரடுமுரடான பனி. பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் எல்லாப் பனியும் மென்மை இல்லை. கடும் குளிரில் பனித்துகள்கள் மணல் போலக் கரகரப்பாக இருக்கும். உருகி மறுபடி உறைந்த பனியின் மேல்பரப்பு ஓடு மாதிரி உடைந்து, விளிம்பு கத்தியாக வெட்டும்.

மூன்றாவது, தூரம். 1,600 கிலோமீட்டர் ஓடும் நாய், ஒரு தாவலுக்கு ஒன்றரை மீட்டர் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒவ்வொரு பாதமும் 10 லட்சம் தடவைக்கு மேல் தரையைத் தொடும். உப்புத்தாளில் 10 லட்சம் தடவை தேய்த்தால் எந்தத் தோல் தாங்கும்?

ஆக, பந்தய நாயின் ஷூ கம்பளிப் போர்வை அல்ல. அது ஒரு கையுறை மாதிரி. தேய்மானத்தையும் வெட்டுக்காயத்தையும் தடுப்பதுதான் அதன் வேலை.

பந்தய நாயின் ஷூ எப்படி இருக்கும்?

செல்லப்பிராணிக் கடைகளில் பார்க்கும் ரப்பர் அடி வைத்த ஷூவைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கே பயன்படுவது 'பூட்டி' எனப்படும் சின்னத் துணிப்பை. பயணப் பைகள் தைக்கப் பயன்படும் கோர்டுரா என்ற உறுதியான நைலான் துணியில் தைத்திருப்பார்கள். மேலே சுற்றிக் கட்ட, இழுபடும் வெல்க்ரோ பட்டை. அடியில் தனியாக சோல் எதுவும் கிடையாது.

ஏன் சோல் இல்லை? எடைதான் காரணம். ஓடும்போது காலில் கூடும் ஒவ்வொரு கிராமையும் நாய் லட்சக்கணக்கான தடவை தூக்கி வைக்க வேண்டும். துணி என்றால் எடை குறைவு, சீக்கிரம் காயும், விரல்களும் தரையை உணர்ந்து பிடித்து ஓட முடியும்.

இதன் விலை, சீக்கிரம் கிழிவது. ஒரு வண்டியில் 16 நாய்கள் பூட்டியிருந்தால், ஒருமுறை மாற்றவே 64 பூட்டிகள் வேண்டும். வழியில் 20 தடவை மாற்றினால் 1,280. அதனால்தான் 'மஷர்' எனப்படும் வண்டியோட்டிகள் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கில் பூட்டிகளைத் தயார் செய்கிறார்கள். வழியில் உள்ள நிலையங்களுக்கு உணவு மூட்டைகளோடு இவற்றையும் முன்கூட்டியே விமானத்தில் அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பூட்டி மாட்டுவது வெறும் விரல்களால் செய்ய வேண்டிய வேலை. மைனஸ் 30 டிகிரியில், தூக்கமில்லாத இரவில், கையுறையைக் கழற்றிவிட்டு 64 பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். நாயின் பாதத்தைக் காப்பாற்ற மனிதர் தன் விரலைப் பணயம் வைக்கும் வேலை இது.

ஒரு பாதம் கெட்டால் என்ன ஆகும்?

பந்தயம் தொடங்கிய பிறகு புதிய நாயைச் சேர்க்க விதியில் இடமில்லை. பாதமோ, மணிக்கட்டோ, தோளோ கெட்டுப்போன நாயை வழியில் உள்ள நிலையத்தில் விட்டுவிட வேண்டும். கால்நடை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிறகு விமானத்தில் திருப்பி அனுப்பப்படும். வண்டி இழுக்க மிச்சமிருப்பவற்றை வைத்துத்தான் மீதித் தூரம். இறுதிக்கோட்டைத் தாண்டும்போது குறைந்தது 5 நாய்களாவது வண்டியை இழுக்க வேண்டும். விரலிடுக்கில் ஒரு சின்னக் கிழிசல் கவனிக்கப்படாமல் போனால், ஒரு வருட உழைப்பே வீணாகலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவ்வளவு தூரம் நாய்களை ஓட வைப்பதே கொடுமை என்று விலங்கு உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவிக்கின்றன. 2024 பந்தயத்தின்போது 3 நாய்கள் உயிரிழந்தது இந்த விவாதத்தை மீண்டும் கிளப்பியது. பூட்டியும் மருத்துவப் பரிசோதனையும் காயங்களைக் குறைக்கும். இந்தப் பந்தயம் தேவையா என்ற கேள்விக்கு அவை பதில் ஆகாது.

போடுவதைவிட கழற்றுவது முக்கியம்!

நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் மஷர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, எல்லா பூட்டிகளையும் கழற்றுவது. நாய்கள் வைக்கோல் படுக்கையில் ஓய்வெடுக்கும்போது பாதம் வெறுமையாகத்தான் இருக்கும்.

காரணம் இரண்டு. நாயின் உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இருக்கும் இடம் பாதம்தான். மூடியே வைத்தால் ஈரம் உள்ளே தங்கி, தோல் ஊறி, புண்ணாகும். அடுத்து, வெல்க்ரோ பட்டை. ஓடி முடித்த காலில் லேசான வீக்கம் வரலாம். பட்டை அப்படியே இருந்தால் ரத்த ஓட்டத்தை இறுக்கிவிடும். மேலே சொன்ன அந்த அற்புதமான ரத்தக்குழாய் ஏற்பாடு வேலை செய்வதே ரத்தம் தடையில்லாமல் ஓடினால்தானே! இறுக்கமான ஷூ அந்தப் பாதுகாப்பையே வெட்டிவிடுகிறது. குளிருக்காகப் போட்ட ஷூவே பாதத்தைச் சில்லிட வைக்கும் விபரீதம் இப்படித்தான் நடக்கிறது.

பூட்டி கழற்றிய பிறகு ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து, களிம்பு தடவுவார்கள். பாதத்துக்கு மேலே, மணிக்கட்டில் வீக்கம் இருந்தால் மருந்து தேய்த்து, நியோப்ரீன் என்ற ரப்பர் துணிப் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். காலுக்கான பாதுகாப்பு என்பது பாதத்தோடு முடிந்துவிடுவதில்லை.

இது புது ஃபேஷனா?

இல்லவே இல்லை. ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் சீல் தோலில் நாய்களுக்குக் காலணி தைத்திருக்கிறார்கள். நகம் வெளியே நீட்டிக்கொள்ள அதில் ஓட்டைகூட விட்டிருப்பார்கள், வழுக்காமல் பிடித்து நடக்க. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் இதை அதிகம் தேடியது உச்சக் குளிர்காலத்தில் அல்ல, வசந்த காலத்தில். கடல் பனி உருகத் தொடங்கும்போது அதன் மேல்பரப்பு ஊசி ஊசியாக நிற்கும். அந்த ஊசிகள் குத்தாமல் இருக்கத்தான் காலணி. 'குளிருக்கு அல்ல, வெட்டுக்கு' என்ற பாடம் அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஊருக்குள் இருக்கும் நாய்களுக்கு எதுக்கு ஷூ?

டொராண்டோ, மாண்ட்ரியால், சிகாகோ போன்ற நகரங்களில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பனியைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. உப்பு!

சாலையிலும் நடைபாதையிலும் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் கல் வடிவம். குளிர் இன்னும் கூடினால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு. இவை மூன்று வழிகளில் நாயைத் தாக்குகின்றன.

* உப்புக்கற்களின் கூரான முனை, விரலிடுக்கில் சிக்கிக் குத்தும்.
* பாதத்தின் ஈரத்தை உறிஞ்சி, தோலை வெடிக்க வைக்கும். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் எரிச்சல் தாங்க முடியாது. கால்சியம் குளோரைடு ஈரத்தில் கரையும்போது சூட்டை வேறு வெளியிடும்.
* வீட்டுக்கு வந்ததும் நாய் பாதத்தை நக்கும். உப்பு வயிற்றுக்குள் போகும். வாந்தி, அளவுக்கு மீறிய தாகம் வரலாம். நிறைய உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

உப்புத் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சாலையில் தேங்கும் சேற்றுத் தண்ணீர், பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நிலையிலும் திரவமாகவே இருக்கும். அதில் கால் நனைவது, காய்ந்த பனியில் நடப்பதைவிடப் பாதத்தை அதிகம் சில்லிட வைக்கும்.

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். அடம் இல்லை அது. விரலிடுக்கில் உப்போ, பனி உருண்டையோ சிக்கியிருக்கும்.

உங்கள் நாய்க்குத் தேவையா? இப்படி முடிவு செய்யலாம்

*ஷூ நல்லது:*
* உப்பு போட்ட நடைபாதையில்தான் நடக்க வேண்டும் என்றால்
* ஈரப் பனியில், அல்லது உடைந்த பனி ஓட்டின் மீது நீண்ட தூரம் போவதென்றால்
* பாதத்தில் ஏற்கெனவே வெட்டோ வெடிப்போ இருந்தால்
* வயதான, மூட்டு வலி உள்ள நாய் பனிக்கட்டியில் வழுக்குகிறது என்றால். இவற்றுக்கு ரப்பர் அடி உள்ள ஷூ பிடிமானம் தரும்

*பெரும்பாலும் தேவைப்படாது:*
* உப்பு இல்லாத புதிய, காய்ந்த பனியில் கொஞ்ச நேரம் விளையாடுவதற்கு
* வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டு உடனே திரும்புவதற்கு

கோல்டன் ரிட்ரீவர், பூடில் போல நீண்ட ரோமம் உள்ள நாய்களுக்கு, பாதம் மட்டுமல்ல, முழங்கால் வரை பனி உருண்டைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இவற்றுக்குக் கால் முழுவதையும் மூடும் பனி உடை உதவும். விரல்களுக்கு இடையில் இருக்கும் முடியை வெட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஷூ மாட்டவே விடாத நாய்களுக்கு, பாதத்தில் தடவும் மெழுகு ஒரு மாற்று. பனி ஒட்டுவதையும் உப்பு நேரடியாகத் தோலில் படுவதையும் ஓரளவு குறைக்கும். வெட்டுக்காயத்தை அது தடுக்காது.

அளவு எடுப்பது எப்படி?

வெள்ளைத்தாளில் நாயை நிற்க வையுங்கள். எதிர்ப்பக்கத்துக் காலை லேசாகத் தூக்கினால், முழு எடையும் தாளில் இருக்கும் பாதத்தில் இறங்கி விரல்கள் விரியும். அப்போது பென்சிலால் சுற்றி வரைந்து, அகலமான இடத்தை அளக்கவும். முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். அதனால் முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பட்டையைச் சுற்றிய பிறகு, அதற்கும் காலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். விரல் போகவில்லை என்றால் இறுக்கம். ஷூ சுழன்றால் தளர்வு. காலின் உள்பக்கம் மேலே இருக்கும் சின்ன நகத்தின் மீது பட்டை உரசுகிறதா என்றும் பாருங்கள்.

முதல் நாளே பனிக்குக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம். முதன்முதலில் ஷூ போட்ட நாய், காலை உயர உயரத் தூக்கி விசித்திரமாக நடக்கும். இணையத்தில் லைக்ஸ் அள்ளும் வீடியோக்கள் இவை. பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் தரை தெரியாத குழப்பத்தில்தான் நாய் அப்படி நடக்கிறது.

குளிர்காலம் தொடங்கும் முன்பே வீட்டுக்குள் பழக்குங்கள். முதலில் ஒரு காலில் மட்டும், ஓரிரு நிமிடம். உடனே பிடித்த தின்பண்டம். அடுத்த நாள் இரண்டு கால். நான்கு காலிலும் போட்டு வீட்டுக்குள் இயல்பாக நடக்கத் தொடங்கிய பிறகு வெளியே அழைத்துப்போகலாம்.

வீடு திரும்பியதும் என்ன செய்யணும்?

* உடனே ஷூவைக் கழற்றவும். ஷூ போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவவும். கொதிக்கும் சூடு கூடாது.
* பனி உருண்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முடியோடு தோலும் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைய விடவும்.
* விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, வெட்டு, சிவப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். வயிற்றுப் பகுதியையும் துடைக்கவும். அங்கேயும் உப்பு ஒட்டியிருக்கும்.
* ஷூவின் உள்பக்கத்தைக் காய வைக்கவும். ஈர ஷூவை மறுநாள் மாட்டினால் புண் நிச்சயம்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பாதம், காது நுனி, வால் நுனி ஆகியவற்றின் தோல் வெளுத்தோ, சாம்பல் நிறமாகவோ மாறி, தொட்டால் விறைப்பாக இருந்தால் அது உறைபனிப் பாதிப்பாக இருக்கலாம். தேய்க்கக் கூடாது. ஹேர் டிரையர், ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் அல்லது துணியால் மெல்லச் சூடேற்றியபடி கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொரு ஆபத்து, கண்ணுக்கே தெரியாதது. கார் எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கும். இனிப்பாக இருப்பதால் தரையில் சிந்தியதை நாய் நக்கிவிடும். பாதத்தில் ஒட்டி வந்ததையும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். தள்ளாட்டம், வாந்தி தெரிந்தால், ஏன் சந்தேகம் வந்தாலே, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சுருக்கமா சொன்னா...

நாயின் பாதம் குளிரைச் சமாளிக்கத் தெரிந்தது. உப்பையும், பனி ஓட்டின் விளிம்பையும், விரலிடுக்கில் இறுகும் பனிக்கட்டியையும் சமாளிக்க அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் ஷூ. சரியான அளவில் போடுங்கள், வேலை முடிந்ததும் கழற்றுங்கள், தினமும் விரலிடுக்கைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் பூட்டி வாங்கும் அலாஸ்கா மஷரும் கடைசியில் நம்புவது, ஒவ்வொரு பாதத்தையும் கையில் எடுத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான்.